பெட்ரோல் மூடியில் தொடங்கி கரி டப்பா வரை: காரின் ‘ஈவாப்’ கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

நியூ ஜெர்சியில் பழைய கார் வைத்திருக்கும் தமிழர்கள் நாலு பேர் ஒரு பிறந்தநாள் விருந்தில் கூடினால், பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் அந்த மஞ்சள் விளக்குக்கு வந்து சேரும். ‘செக் எஞ்சின்’ லைட். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, மைலேஜ் குறையவில்லை, சத்தமும் இல்லை. விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்கிறது. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் பி0442 என்றோ பி0455 என்றோ ஒரு ‘கோட்’, அதாவது கோளாறு எண், வருகிறது. உடனே ஒருவர், “பெட்ரோல் மூடியை மாத்துங்க, சரியாப் போயிடும்” என்பார். இன்னொருவர், “நான் மூடி மாத்தியும் போகலையே” என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இந்தக் கோட் எண்கள் எல்லாம் ‘ஈவாப்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓர் அமைப்பைச் சேர்ந்தவை. பெட்ரோல் டேங்கிலிருந்து எழும் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைத்து, பிறகு எஞ்சினுக்கே அனுப்பி எரிக்கும் ஏற்பாடு அது. என் பன்னிரண்டு வயதுச் செடானில் இந்தக் கோளாறு வந்தபோது இரண்டு பாகங்களை வீணாக வாங்கினேன். மூன்றாவதை வாங்கும் முன் தப்பித்தேன். கோட் சொல்வது, வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்டபோது எந்தச் சோதனையில் தோற்றது என்பதை மட்டும்தான். எந்தப் பாகம் கெட்டது என்று அதற்குத் தெரியாது. ஆகவே அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஸ்பானர் அப்புறம்.

ஆவியைப் பிடிப்பானேன்?

ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் இன்னொன்றில் பெட்ரோலும் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தால், சாயங்காலம் மண்ணெண்ணெய் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பெட்ரோல் கிண்ணம் பெருமளவு வற்றியிருக்கும். (செய்து பார்த்துவிடாதீர்கள்.) பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதிலுள்ள பியூட்டேன், பென்டேன் போன்ற இலேசான சரக்குகள் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். பனிக்காலத்தில் எஞ்சின் சட்டென்று கிளம்ப வேண்டும் என்பதற்காக அமெரிக்காவில் அந்தப் பருவத்துப் பெட்ரோலில் பியூட்டேனைக் கொஞ்சம் கூட்டியே விடுகிறார்கள், கோடையில் குறைக்கிறார்கள்.

வெயிலில் நிறுத்திய காரின் டேங்க் சூடாகும், உள்ளே ஆவி பெருகும், அது எங்காவது போயாக வேண்டும். 1960-களில் அதற்கு வழி சுலபம்: மூடியிலேயே ஒரு சிறு காற்றுத் துளை. ஆவி நேராகத் தெருவில் கலந்தது. ஓடுகிற கார் புகையால் ஊரைக் கெடுத்தது என்றால், நிற்கிற கார் சும்மா நின்றே கெடுத்தது.

இதன் விளைவை முதலில் புரிந்துகொண்ட ஊர் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர், 1950-களின் தொடக்கத்தில் ஊர்க்காற்றின் பக்கம் திரும்பினார். கண்ணை எரிக்கும் அந்த மூட்டம் எப்படி உருவாகிறது என்று காட்டினார்: எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து தரைமட்டத்திலேயே ஓசோனை உண்டாக்குகின்றன. கலிஃபோர்னியா 1970 மாடல் கார்களிலிருந்து ஆவிக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்கா முழுக்க வந்துவிட்டது.

இந்தியாவிலும் பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) என்ற வாகன மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் இது உண்டு. காரை ஒரு காற்றுப் புகாத அறைக்குள் நிறுத்தி, அதிலிருந்து எத்தனை கிராம் பெட்ரோல் ஆவி வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். ஒரு சோதனைக்கு 2 கிராம் என்பது வரம்பு. 2017-இல் பிஎஸ்-4 வந்த பிறகு நம்மூர் பைக்குகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும்கூட ஆவிக் கட்டுப்பாடு வந்தது. சீட்டுக்குக் கீழேயோ எஞ்சினுக்குப் பக்கத்திலேயோ ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா குழாய்களோடு தொங்குகிறதே, அது இதற்குத்தான்.

ஒரு டப்பா, இரண்டு வால்வு

அந்தக் கறுப்பு டப்பாவின் பெயர் கேனிஸ்டர். உள்ளே இருப்பது கரி; ஆக்டிவேட்டட் கார்பன். வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் இருக்கும் அதே வகைச் சரக்கு. ஃபில்டருக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி பிரபலம். கார்களுக்குப் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்கிறார்கள். அதன் நுண்துளைகளை எல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால் ஒரு கிராம் கரி ஆயிரம் சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் நாலரை கிரவுண்ட் மனை. பெட்ரோல் ஆவி அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. சுத்தமான காற்றை அதன் வழியே இழுத்தால் ஒட்டியது விட்டுப்போகிறது. ஒட்டுவதும் விடுவதும் மாறி மாறி நடப்பதால்தான் ஒரே டப்பா பல ஆண்டுகள் உழைக்கிறது.

டேங்கிலிருந்து ஒரு குழாய் கேனிஸ்டருக்கு வருகிறது. கேனிஸ்டரிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று எஞ்சினுக்குப் போகும் வழி; அதன் வாயிலில் பர்ஜ் வால்வு. மற்றொன்று வெளிக்காற்று வரும் வழி. அதன் வாயிலில் வென்ட் வால்வு. இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை: கரன்ட் கொடுக்காதபோது பர்ஜ் வால்வு மூடியிருக்கும், கரன்ட் கொடுக்காதபோது வென்ட் வால்வு திறந்திருக்கும்.

வண்டி நிற்கும்போது இரண்டுக்கும் கரன்ட் இல்லை. டேங்க் ஆவி கேனிஸ்டருக்கு வந்து கரியில் ஒட்டிக்கொள்ள, மிச்சமுள்ள சுத்தமான காற்று மட்டும் வென்ட் வழியாக வெளியே போகிறது. வண்டி கிளம்பி எஞ்சின் சூடேறி, ஹைவேயில் ஒரே சீராகப் போகும்போது கம்ப்யூட்டர் பர்ஜ் வால்வைத் திறக்கிறது. ஒரேயடியாகத் திறப்பதில்லை, விட்டு விட்டு, வினாடிக்குப் பல தடவை. பானெட்டைத் திறந்து காது கொடுத்தால் பல வண்டிகளில் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கும். எஞ்சினின் உறிஞ்சு விசை வென்ட் வழியாக வெளிக்காற்றை இழுத்து, கரியைக் கழுவி, ஆவியை எரிப்பறைக்குக் கொண்டுபோகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் காற்றில் போகாமல் எரிந்து முடிகிறது.

இவை போக டேங்கின் அழுத்தத்தைப் பார்க்க ஒரு சென்சார், வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டாமல் தடுக்க ஒரு வால்வு, பெட்ரோல் ஊற்றும் கழுத்துக்குழாய், அதன் மூடி, இவற்றை இணைக்கும் ஹோஸ்கள். அவ்வளவுதான்.

வண்டி தன்னை எப்படிச் சோதிக்கிறது?

நம்மூர் பஞ்சர் கடையில் ட்யூபுக்குக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பார்கள் இல்லையா? காரும் அதையே செய்கிறது, ஆனால் தண்ணீர்த் தொட்டி இல்லாமல். மொத்த அமைப்பையும் மூடி, உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, அது அப்படியே நிற்கிறதா நழுவுகிறதா என்று கவனிக்கிறது. நழுவினால் கசிவு. ஓட்டை இருப்பது இப்படித் தெரிந்துவிடும். எங்கே என்பது தெரியாது. குமிழியைக் காட்டும் தண்ணீர் இல்லையே!

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து, வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி-2 என்ற ஏற்பாடு கட்டாயமானது. அதையொட்டி 1 மில்லிமீட்டர் துளை அளவுக் கசிவைக்கூட வண்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். 2000 வாக்கில் அதை அரை மில்லிமீட்டருக்குக் குறைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் 0.5 மைக்ரோடிப் பென்சில் வைத்திருந்தவர்கள் அதன் லெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு துளை, பின் டயரிலிருந்து எஞ்சின் வரை நீளும் குழாய்களில் எங்கிருந்தாலும் சரி, விளக்கு எரியும்.

சோதனை முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. முதல் வகையில் வண்டி ஓடும்போதே வென்ட்டை மூடி, பர்ஜைத் திறந்து, எஞ்சினைக் கொண்டு டேங்கில் லேசான வெற்றிடத்தை உண்டாக்குகிறது. பிறகு பர்ஜையும் மூடிவிட்டு அழுத்த சென்சாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வகையில் எஞ்சினை அணைத்த பிறகு டேங்க் ஆறும்போது இயல்பாக உண்டாகும் அழுத்த மாற்றத்தையே பயன்படுத்திக்கொள்கிறது. மூன்றாவது வகையில் கேனிஸ்டரோடு ஒரு சின்னப் பம்பே இருக்கிறது. டொயோட்டா கார்கள் பலவற்றில், வண்டியை அணைத்து ஐந்து மணி நேரம் கழித்து கம்ப்யூட்டர் தானாக விழித்துக்கொண்டு அந்தப் பம்பை ஓட்டிப் பார்க்கும். ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திய காரின் பின்பக்கத்திலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு ‘ர்ர்ர்’ என்று முனகல் கேட்டால் பயப்பட வேண்டாம். பேயும் இல்லை, திருடனும் இல்லை, கசிவுச் சோதனை.

முதல் வகையை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். வெற்றிடம் உண்டாகவில்லை என்றால் கம்ப்யூட்டர் ‘பெரிய கசிவு’, அதாவது பி0455 என்று எழுதிவைக்கும். ஆனால் வெற்றிடம் உண்டாகாததற்கு ஓட்டை மட்டுமா காரணம்? பர்ஜ் வால்வு திறக்காமல் அடைத்துக்கொண்டிருந்தாலும் உண்டாகாது. வென்ட் வால்வு மூடாமல் மக்கர் செய்தாலும் உண்டாகாது. ஒரு துளைகூட இல்லாத வண்டியில் ‘பெரிய கசிவு’ வருவது இப்படித்தான். மூடி மாற்றியும் விளக்கு அணையாத நண்பரின் கதையும் இதுவாக இருக்கலாம்.

மற்றக் கோட் எண்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். பி0442 சிறிய கசிவு, பி0456 மிகச் சிறிய கசிவு, பி0457 மூடி சரியாக இல்லை என்ற சந்தேகம். பி0441 பர்ஜ் ஓட்டம் எதிர்பார்த்தபடி இல்லை. பி0496 பர்ஜ் செய்யாத நேரத்திலும் ஓட்டம் இருக்கிறது, அதாவது பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கக்கூடும். பி0443, பி0446 போன்றவை வால்வுகளின் மின்சுற்றையோ இயக்கத்தையோ பற்றியவை.

தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர்கள், “என் வண்டியில் இதெல்லாம் வந்ததே இல்லையே” என்று நினைக்கலாம். நம் விதிகள் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றியவை. அங்கே பர்ஜ் வால்வின் மின்சுற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அமெரிக்கா போல் அரை மில்லிமீட்டர் துளையைத் தேடச் சொல்வதில்லை. அதனால் ஹோஸ் வெடித்திருந்தாலும் விளக்கு எரியாமல் போகலாம். பெட்ரோல் வாசனையும் கீழே சொல்லப்போகும் அறிகுறிகளும்தான் நம்மூரில் துப்பு.

கையில் காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியவை

முதலில் மூடி. நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது, பங்க்காரர்தான் போட வேண்டும். அவசரத்தில் மூடியை அரைகுறையாகத் திருகிவிட்டுப் போவார். ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை திருகியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். பிறகு மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள்: வெடிப்பு, தட்டையாகிப்போன இடம், ஒட்டிய மண். கழுத்துக்குழாயின் வாய் விளிம்பையும் பாருங்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் அந்த விளிம்பில் துரு பொருக்குத்தட்டி நிற்கும். புது மூடி போட்டாலும் அதன்மேல் சரியாக உட்காராது.

அடுத்து, பெட்ரோல் போடும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். டேங்க் பாதிகூட நிரம்பாமல் நாசில் ‘டப்’ ‘டப்’ என்று நின்று நின்று போகிறதா? உள்ளேயிருக்கும் காற்று வெளியேற வழியில்லை. வென்ட் வழி அடைபட்டிருக்கிறது. மாறாக, பெட்ரோல் போட்டு முடித்தவுடன் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா, ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் எழும்புகிறதா? பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கிறது. டேங்கில் புதிதாகக் கிளம்பிய ஆவி எல்லாம் எஞ்சினுக்குள் புகுந்து திணறடிக்கிறது. அனுபவமுள்ள மெக்கானிக் முதலில், “எப்போ ஸ்டார்ட் ஆகலை சார், பெட்ரோல் போட்ட பிறகா?” என்று கேட்பது இதனால்தான். இந்த ஒரு கேள்விக்கு ஸ்கேனரைவிட மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

பர்ஜ் வால்வைச் சோதிப்பது கஷ்டமில்லை. எஞ்சின் பக்கத்திலேயே கைக்கெட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். வண்டியை ஐடிலில் விட்டு, வால்வின் மின் கனெக்டரைக் கழற்றுங்கள். கேனிஸ்டர் பக்கமிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து உருவி, வால்வின் அந்த முனையில் விரல் வையுங்கள். கரன்ட் இல்லாத வால்வு மூடியிருக்க வேண்டும் அல்லவா? விரலை இழுக்கிறது என்றால் வால்வு கெட்டுவிட்டது. இழுக்கவில்லை என்றால் பாதித் தேர்வு முடிந்தது. மீதிப் பாதி: எஞ்சினை அணைத்து, வால்வை வெளியே எடுத்து, வண்டியை விட்டும் பெட்ரோல் வாடையை விட்டும் தள்ளிப் போய் 12 வோல்ட் கொடுத்தால் ‘கிளிக்’ என்று திறந்து காற்றை விட வேண்டும். வால்வுக்குள்ளிருந்து கறுப்பு மணிகள் உதிர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது கேனிஸ்டரின் கரி. டப்பா உடைந்து கரி குழாயில் ஓடி வந்திருக்கிறது. வால்வை மட்டும் மாற்றினால் புது வால்வும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கேனிஸ்டரையும் மாற்றி, குழாயைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

வென்ட் வால்வு வண்டியின் பின்பக்கம், கீழே, கேனிஸ்டர் அருகில் இருக்கும். தூசி, சேறு, உப்புத்தண்ணீர் எல்லாம் படும் இடம். சிலந்திகூட. வேடிக்கையாகச் சொல்லவில்லை: 2011-இல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் மஸ்டா6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் ஒருவகை மஞ்சள் சிலந்தி. வென்ட் ஹோஸுக்குள் அது வலை பின்னியது. வெளிக்காற்று வர வழியில்லாமல் பர்ஜ் நடக்கும்போது டேங்கில் வெற்றிடம் கூடி, டேங்கே வெடிப்பு விடும் அபாயம் இருந்தது. 2014-இல் அதே சிலந்திக்காக மறுபடியும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளை அழைத்தார்கள். அந்தச் சிலந்திக்குப் பெட்ரோல் வாசனை பிடிக்கும் என்று ஒரு பேச்சு அப்போது அடிபட்டது.

கேனிஸ்டரைக் கொல்வது பெரும்பாலும் நாமேதான். பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும், “சார், ரவுண்ட் பண்ணிடட்டுமா?” என்று நாசிலை இரண்டு தடவை அழுத்துவார்கள். 1,970 ரூபாயை 2,000 ஆக்கும் அந்தப் பழக்கம் சென்னையிலும் உண்டு, நியூ ஜெர்சியின் எடிசனிலும் உண்டு. டேங்கின் மேல்பகுதியில் ஆவிக்கென்று விட்ட இடத்தைப் பெட்ரோல் நிரப்பி, ஆவிக்குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குள் திரவமாகவே போகும். கரி ஆவியைப் பிடிக்கும், திரவத்தில் ஊறினால் அதோடு கதை முடிந்தது. கட் ஆனதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். சில்லறை போனால் போகட்டும்.

புகை போட்டுப் பார்ப்பது

இத்தனையும் சரியாக இருந்து, விளக்கும் எரிந்தால், புகைதான் வழி. என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். பி0455 வந்தது. மூடி மாற்றினேன். கோட் எண்ணை அழித்தேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தது. இணையத்தில் நாலு பேர் சொன்னதை நம்பிப் பர்ஜ் வால்வு மாற்றினேன்; பழையதைச் சோதித்துப் பார்க்கவேயில்லை. பத்து நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் கேனிஸ்டரை மாற்ற வேண்டும் என்று பல நூறு டாலருக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். பேப்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். டிஃபன் கேரியர் உயரத்தில் ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் மினரல் ஆயிலைச் சூடாக்கிப் புகையாக்குகிறார்கள். அந்தக் குழாயை எஞ்சின் பக்கம் பச்சை மூடி போட்ட டெஸ்ட் முனையில் மாட்டினார். முதலில் வென்ட்டைத் திறந்தே விட்டார். சிறிது நேரத்தில் வண்டியின் பின்பக்கம் வென்ட்டிலிருந்து வெள்ளைப் புகை எட்டிப் பார்த்தது. “லைன் அடைப்பு இல்லை” என்றார். பிறகு ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்து வென்ட்டை மூடினார். இப்போது புகை எங்கும் வரக் கூடாது. டார்ச்சை வாங்கிக்கொண்டு நானும் குனிந்தேன். வலதுபக்கப் பின் சக்கரத்துக்கு மேலே, பிளாஸ்டிக் மறைப்பின் ஓரத்திலிருந்து, ஊதுபத்திப் புகை மாதிரி ஓர் இழை நெளிந்து வந்தது. மறைப்பைக் கழற்றினால் கழுத்துக்குழாய். மேலே பளபளப்பாக இருந்தது, கீழ்ப்பக்கம் உப்பும் சேறும் தங்கி அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. விரல் வைத்ததும் ஒரு சில்லு உதிர்ந்தது. மூடியும் நல்லது, பழைய பர்ஜ் வால்வும் நல்லது, கேனிஸ்டரும் நல்லது.

இந்தச் சோதனையில் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? அரை பி.எஸ்.ஐ. கார் டயரில் 32 அடிக்கிறோம். இங்கே அரையே அரை. அதனால்தான் பட்டறைக் கம்ப்ரஸரை எடுத்து ஈவாப் குழாயில் ‘புஸ்’ என்று அடிக்கக் கூடாது என்கிறேன். வால்வும் சென்சாரும் போகும், டேங்கே கிழியலாம். யூட்யூப் பார்த்து பெயின்ட் டப்பாவில் ஹீட்டர் காயில் வைத்துப் புகை மெஷின் செய்பவர்கள் உண்டு. எஞ்சினின் இன்டேக் பக்கம் அதை வைத்து என்ன செய்தாலும் செய்யட்டும். பெட்ரோல் ஆவி நிறைந்த டேங்கோடு செந்தழலாய்ச் சிவந்த கம்பியை ஒரே குழாயில் இணைப்பது தற்கொலை முயற்சி. டேங்க் வேலைக்கு நல்ல பட்டறைகளில் காற்றுக்குப் பதில் நைட்ரஜனில் புகையை அனுப்புவார்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் தீ இல்லை.

பழுது பார்த்தல்

கண்டுபிடித்த பிறகு சரிசெய்வது பெரும்பாலும் சுலபமான பகுதி. பர்ஜ் வால்வுக்கு ஒரு கனெக்டர், இரண்டு ஹோஸ், ஒன்றிரண்டு போல்ட். வெடித்த ஹோஸுக்குப் பதில் சாதாரணத் தண்ணீர் ஹோஸையோ வாக்வம் ஹோஸையோ போடாதீர்கள். பெட்ரோல் ஆவியில் அது ஊதி மெத்தென்று ஆகிவிடும். பெட்ரோலுக்கென்றே வரும் ஹோஸ்தான் வேண்டும். பிளாஸ்டிக் குழாய்களில் அழுத்தித் திறக்கும் கிளிப்புகள் இருக்கும். பழைய வண்டியில் அவசரப்பட்டால் உடையும். எலி கடித்த இடத்தை டேப் சுற்றி மூடுவதும், துருப்பிடித்த கழுத்துக்குழாயில் எம்-சீல் அப்புவதும் விளக்கை ஒரு மாதம் அணைக்கும், அவ்வளவுதான். நான் குழாயையே மாற்றினேன். மூன்று போல்ட், இரண்டு கிளாம்ப், ஒரு சனிக்கிழமை காலை. துருவேறிய ஒரு போல்ட் மட்டும் அரை நாள் வாங்கியது.

வேலையைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, டேங்க் பாதிக்குக் கீழ் இருக்கும்போது செய்யுங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. டேங்கையே இறக்க வேண்டிய வேலை என்றால் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். சேமிக்கும் காசு அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

விளக்கு அணைந்ததும் வேலை முடியவில்லை

ஸ்கேனரில் கோட் எண்ணை அழித்தால் விளக்கு உடனே அணையும். ஆனால் வண்டி அதுவரை முடித்துவைத்த எல்லாச் சுயசோதனைகளும், அதாவது மானிட்டர்களும், சேர்ந்தே அழியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும்போது விளக்கை மட்டும் பார்ப்பதில்லை. மானிட்டர்கள் முடிந்திருக்கின்றனவா என்றும் கம்ப்யூட்டரைக் கேட்பார்கள். பல மாநிலங்களில் 2001-க்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் ஒரு மானிட்டர் மட்டும் முடியாமல் இருக்கலாம். காலையில் கோட் எண்ணை அழித்துவிட்டு மத்தியானம் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகிறவர்கள் திருப்பி அனுப்பப்படுவது இதனால்.

ஈவாப் மானிட்டர்தான் எல்லாவற்றிலும் அடம் பிடித்தது. பல வண்டிகளில் டேங்க் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் அது சோதனையையே தொடங்கும். ராத்திரி முழுக்க வண்டி ஆறியிருக்க வேண்டும், வெளியே கடுங்குளிரோ கடும் வெயிலோ இருக்கக் கூடாது. இதில் ஒரு நிபந்தனை தவறினாலும், “இன்னிக்கு வேண்டாம்” என்று விட்டுவிடும். பெரும்பாலும் இரண்டு ஓட்டங்களில் அடுத்தடுத்துத் தோற்றால்தான் விளக்கு எரியும் என்பதால், மாற்றிய மூன்றாம் நாள் விளக்கு எரியவில்லை என்பதை வைத்துச் சரியாகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. புது மூடி போட்டதும் எனக்கு இரண்டு வாரம் விளக்கு வராமல் இருந்ததே, அது மூடியின் புண்ணியம் அல்ல. சோதனையே நடக்கவில்லை.

குழாய் மாற்றிய பிறகு முக்கால் டேங்க் பெட்ரோலோடு தினமும் காலையில் அலுவலகம் போகும் முன் மலிவான ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனில் மானிட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் முடிவதற்குள் மற்றவை ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. ஈவாப் எதிரே மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி. நடுவில் இரண்டு நாள் பனி, அன்றைக்கெல்லாம் எதிர்பார்க்கவேயில்லை. ஆறாம் நாள் காலை, வண்டி இரவு முழுக்க ஆறியிருந்தது, வெளியே பத்து டிகிரி செல்சியஸ். டர்ன்பைக் ஹைவேயில் இருபது நிமிடம் சீராக ஓட்டி, அலுவலக வாசலில் நிறுத்திப் பார்த்தேன். அதுவும் பச்சை. அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்‌ஷன் வரிசையில் நின்றுவிட்டேன்.